பொற்கரங்களுக்குக் காத்திருந்த மெஷின்

அந்தக் கதவில் ரிப்பன் கட்டிய நாளிலிருந்து டாக்டரம்மாவுக்கு மனசு ஆறவில்லை. காலையில் வார்டுக்குப் போகும்போது ஒரு தடவை, மத்தியானம் சாப்பிடப் போகும்போது ஒரு தடவை, அதைப் பார்த்துத் "தூ" என்பார். துப்பமாட்டார், ஆஸ்பத்திரித் தரை ஆயிற்றே, சொல்லோடு சரி. சிவப்பு சாட்டின் ரிப்பன், நடுவில் முட்டைக்கோஸ் அளவுக்கு ஒரு பூ முடிச்சு. இரண்டு நுனியையும் கதவுச் சட்டத்தில் ஆணி அடித்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் மெஷின் சும்மா உட்கார்ந்திருந்தது.

சும்மா என்றால் நிஜமாகவே சும்மா. பெட்டியைப் பிரித்து, பொருத்தி, சோதித்து, அனுமதி வாங்கி, உள்ளே வைக்க வேண்டிய கதிர் மணியையும் வைத்தாயிற்று. மணி என்றால் அரிசி அளவுகூட இல்லாத ஓர் உலோகத் துண்டு. கருப்பை வாயில் புற்றுநோய் வந்த பெண்ணுக்கு முதலில் ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர் கொடுப்பார்கள். சனங்கள் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். அதற்கு இந்த ஆஸ்பத்திரியில் ஒரு கிழட்டு மெஷின் உண்டு, முனகிக்கொண்டே வேலை செய்யும். அது முடிந்த கையோடு உடம்புக்கு உள்ளேயே மெல்லிய குழாய் வைத்து, நோய் இருக்கிற இடத்துக்கே அந்த மணியை அனுப்பி, கொஞ்ச நேரம் நிறுத்தி எடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். வெளியே வைத்ததோடு வீட்டுக்கு அனுப்பினால் அது அரைவேக்காடு. சுருங்கிய கட்டி மறுபடி எழுந்து வரும்.

இத்தனை வருஷமாக அந்த இரண்டாவது பாதிக்குத் தலைநகரத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஒரு பகல், ஓர் இரவு பஸ். அங்கே தங்க இடம் கிடையாது, கூட இருந்து பார்க்க ஆள் கிடையாது. போகச் சொன்ன பெண்களில் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். போகாதவர்கள் சில மாதம் கழித்து இதே வார்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு ஏதோ வெளிநாட்டு நன்கொடையில் மெஷின் வந்து இறங்கியது. டாக்டரம்மா அன்றைக்கு அழுதார். பிறகு, இந்த வயதில் ஒரு இரும்புப் பெட்டியைப் பார்த்து அழுததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

இதில் கூத்து என்னவென்றால், அந்த மணி யாருக்காகவும் காத்திருக்கிற ரகம் இல்லை. உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் தினமும் அதன் பலம் குறைந்துகொண்டே போகும். இரண்டரை மாதத்தில் பாதியாகிவிடும். ஐஸ் கட்டியை வாங்கி வந்து வெயிலில் வைத்துவிட்டு, விருந்தாளி வரட்டும் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் எப்படி, அப்படி ஒரு காரியம். விருந்தாளி, சுகாதார அமைச்சர்.

வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் ஆஸ்பத்திரி இயக்குநர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் போட்டோ. அவருடைய அறைச் சுவர் முழுக்க அவர் யாருக்காவது கை கொடுக்கிற படங்கள். ஒன்றிலாவது ஒரு நோயாளி இருக்கவேண்டுமே, கிடையாது. ஒரு படத்தில் அவரும் இன்னொரு பெரிய மனிதரும் சேர்ந்து வார்டு வராந்தாவில் குடிநீர்க் குழாயைத் திறந்து வைப்பார்கள். அந்தக் குழாயில் அன்றைக்கு வந்த தண்ணீர்தான், அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

"சார், அமைச்சர் வர்றப்ப வரட்டும். நாங்க வேலையை ஆரம்பிச்சுடறோம்," என்றார் டாக்டரம்மா, முதல் முறை தேதி தள்ளிப்போனபோது. அமைச்சருக்குப் பல்வலியாம்.

"பொறுங்கம்மா. மெஷினுக்கு என்ன, கால் முளைச்சு ஓடியா போகப்போகுது."

"மெஷின் ஓடாது. உள்ள இருக்கறது கரைஞ்சுக்கிட்டே இருக்கு. நான் அதை எத்தனை தடவை சொல்றது."

"கரைஞ்சா இன்னொண்ணு கேட்டு எழுதிப் போடுவோம். நாமளே திறந்துட்டோம்னு வைங்க, அமைச்சர் மனசு கோணிடும். நாளைக்கு நமக்கு வேற எதாவது வருமா. எதுலயும் ஒரு தொலைநோக்கு வேணும்மா."

தொலைநோக்காம் தொலைநோக்கு. தன் மூக்கு நுனியைத் தாண்டி எதையும் பார்த்திராத மனிதர், அந்த மூக்கும் படத்தில் சரியாக விழுகிறதா என்பதுதான் கவலை. டாக்டரம்மா எழுந்து வந்து கதவை ஓங்கி அறைந்து சாத்தப் பார்த்தார். அது தானாக மெதுவாக மூடிக்கொள்கிற கதவு. அவர் வராந்தாவில் பாதி தூரம் போன பிறகுதான் அது மூடியது.

இரண்டாவது முறை அமைச்சர் வெளிநாடு போயிருந்தார். மூன்றாவது முறை காரணம்கூடச் சொல்லவில்லை.

மெஷினுக்குக் கணக்குப் பார்க்கிறவர் ஒருவர் உண்டு. எந்தப் பெண்ணுக்கு மணியை எவ்வளவு நேரம் உள்ளே நிறுத்த வேண்டும் என்று கணக்குப் போடுவதற்கென்றே படித்தவர், வழுக்கை விழுந்த மனிதர். எதையும் அளந்து பேசுவதால் அவருக்கு மீட்டர் என்று பெயர். ஒருநாள் அவர் டாக்டரம்மாவின் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

"மேடம், சாவி என்கிட்டதான் இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாளைக்குக் காலைல வெச்சுடலாம். ரிப்பனை அவுத்துட்டு, வேலை முடிஞ்சதும் மறுபடி கட்டிடலாம். யாருக்கும் தெரியாது."

"போட்டோ கேட்டா?"

"நீங்க சொன்னீங்கன்னு சொல்லுவேன்."

"நல்லா இருக்கு உங்க தைரியம். மாட்டிக்கறதுக்கு நான், நல்ல பேருக்கு நீங்களா."

"எனக்கு எழுத்துலகூட வேணாம் மேடம். வாயால சொன்னாப் போதும்."

முதுகெலும்பு இல்லாத ஜென்மம் என்று டாக்டரம்மா அன்று முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தார். நர்சிடம் திட்டினார், மருந்துக் கிடங்குக்காரரிடம் திட்டினார், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகவும் திட்டினார். மீட்டர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைத் தவிர மற்ற எல்லா வார்த்தையும் அவருக்குக் கிடைத்தது. டாக்டரம்மாவிடம் காரணம் இல்லாமல் இல்லை. தன்னை வேறு ஊருக்குத் தூக்கி அடித்துவிட்டால் இந்த வார்டுக்கு வேறு டாக்டர் கிடையாது. ஓய்வு பெறவும் இன்னும் கொஞ்ச காலம்தான். காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள்தான்.

தையல்காரி வந்து சேர்ந்தது இந்தக் கூத்துக்கு நடுவில்தான். பள்ளிச் சீருடை தைப்பவள், நாற்பதைத் தாண்டியவள், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவள். ரொம்ப நாளாக உதிரப்போக்கு. லாரி ஓட்டுகிற கணவர், "வயசானா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டாராம், என்னமோ அவர் நாலைந்து தடவை மாதவிலக்கு நின்று பார்த்தவர் மாதிரி. பக்கத்து மருந்தகத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தராவது உள்ளே எட்டிப் பார்த்தார்களா என்றால் இல்லை. பஞ்சில் கொஞ்சம் வினிகரைத் தொட்டுக் கருப்பை வாயில் வைத்தாலே ஆரம்பத்தில் நோயை வெள்ளையாகக் காட்டிக்கொடுத்திருக்கும், அங்கேயே சுட்டு எடுத்திருக்கலாம். வினிகருக்கு வக்கில்லாத சர்க்காரிடம் சாட்டின் ரிப்பனுக்கு மட்டும் வக்கிருந்தது என்று டாக்டரம்மா பல்லைக் கடித்தார். அவளை உடனே பழைய மெஷினில் சேர்த்துக்கொண்டார்.

வெளிக்கதிர் அவளுக்கு அருமையாக வேலை செய்தது. உதிரம் நின்றது. சாப்பாடு இறங்கியது. பக்கத்துக் கட்டில்காரிகளின் ரவிக்கை அளவெல்லாம் சரியில்லை என்று சொல்லிப் பாதிப் பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசி நாளில் டாக்டரம்மா அவளைப் பரிசோதித்துப் பார்த்தார். கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது, கருப்பையின் பக்கங்கள் மெத்தென்று இருந்தன. இப்போது உள்ளே வைத்துவிட்டால் இவள் பேரன் பேத்தி எடுத்துவிடுவாள் என்று நினைத்தார். இப்படி நினைக்கிற வாய்ப்பே அந்த வார்டில் அவருக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

"உள்ள எப்ப டாக்டரம்மா வைக்கிறது?"

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு ரிப்பன் கட்டியிருக்கிறது, அதை வெட்ட ஆள் வரவில்லை என்று ஒரு நோயாளியிடம் எந்த வாயால் சொல்வது. கேட்கவே அசிங்கமாக இல்லையா.

"ஒரு பாகம் வரணும்மா. வெளிநாட்டுலேருந்து வருது. வந்ததும் போன் பண்றேன்."

அடுத்த வாரம் அவள் போனுக்குக் காத்திருக்காமல் வந்துவிட்டாள். கூடவே கணவரின் தங்கையும் வந்தாள்.

"பாகம் வந்துச்சா?"

"கப்பல்ல வந்துக்கிட்டிருக்கு."

அதற்கடுத்த வாரம் பாகம் துறைமுகத்தில் இருந்தது. அதற்கும் அடுத்த வாரம் சுங்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. பொய்க்கு டாக்டரம்மா நன்றாகவே பயண ஏற்பாடு செய்துகொடுத்தார். தையல்காரி ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டாள். வராந்தாவில் அவளுடைய நாத்தனார் குரலைத் தழைக்காமல் சொல்வது உள்ளே கேட்டது.

"அண்ணி, இந்தம்மா உங்களைச் சும்மா அலைய விடறாங்க. எனக்கு என்னமோ சரியாப் படல."

"நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு. அவங்க கோவக்காரங்க. கோவக்காரங்களுக்குப் பொய் சொல்ல வராது."

டாக்டரம்மா உள்ளே உட்கார்ந்து எதிரே இருந்த காலிக் கோப்பையை முறைத்தார். பிறகு நேரே போட்டோவின் அறைக்குப் போய் வாய் வலிக்கிற வரை கத்திவிட்டு வந்தார். போட்டோ, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாராம். அதற்கும் வந்து மீட்டரைத்தான் திட்டினார். எட்டு வாரக் கெடு வந்தது, தாண்டியது. ரிப்பன் மேல் தூசி படிந்து சிவப்பு மங்கியதும், போட்டோ ஆள் அனுப்பி அதற்குப் பதில் புது ரிப்பன் கட்ட வைத்தார்.

அப்புறம் ஒரு காலை தையல்காரி மெதுவாக நடந்து வந்தாள். நாத்தனார் தோளைப் பிடித்திருந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"மறுபடி உதிரம் படுது டாக்டரம்மா. இடுப்பும் விட்டுப்போற மாதிரி வலிக்குது."

டாக்டரம்மா பரிசோதித்தார். மெத்தென்று இருந்த பக்கங்களில் விரலுக்குக் கல் மாதிரி தட்டுப்பட்டது. இரண்டு பக்கமும் இடுப்பெலும்பு வரைக்கும் அது போயிருந்தது. குழாய் வைத்து உள்ளே நிறுத்துகிற மணி அவ்வளவு தூரம் எட்டாது. பலம் குறைந்த மணி என்று இல்லை, புது மணியே ஆனாலும் எட்டாது. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "ரொம்ப வலிக்குதும்மா" என்று தையல்காரி சொன்ன பிறகுதான் எடுத்தார்.

அன்று மாலையே போட்டோ அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் பல்.

"அமைச்சர் வியாழக்கிழமை வர்றார்மா. இந்தத் தடவை உறுதி. முதல் பேஷண்ட் ஒருத்தங்க தயாரா இருக்கணும். அந்தத் தையல்கார அம்மாவை வைங்க. முகத்துல ஒரு களை இருக்கு, படத்துக்கு நல்லா வரும்."

"அவங்களுக்கு இனிமே இது பெருசா பலிக்காது சார்."

"ரத்தமாவது நிக்குமா?"

"நிக்கும்."

"அப்புறம் என்ன. வைங்க."

டாக்டரம்மா அந்த மூஞ்சியை உற்றுப் பார்த்தார். இவ்வளவு நாளாகத் திட்டியதெல்லாம் அந்த மூஞ்சிக்கு எந்த மூலைக்கு. சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை எல்லோரும் துவைத்த கோட்டில் நின்றார்கள். ஒரு வருஷமாக எரியாத வராந்தா விளக்குகள் பகலில் எரிந்தன. அமைச்சர் வெயில் ஏறின பிறகு, தன்னைச் சுற்றி ஒரு கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். நல்ல வாட்டசாட்டமான பற்கள். அந்தப் பல்வலி எங்கே வந்ததோ தெரியவில்லை. தையல்காரியை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, கழுத்து வரை வெள்ளைத் துணியைப் போர்த்தி, ரிப்பனுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். நாத்தனார் பையைக் கட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றாள்.

போட்டோ மைக்கைப் பிடித்தார். பேசச் சொன்னால் விடுகிற ஆளா. நாடு, மக்கள், தாய்மை என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு மெஷினுக்கு வந்தார்.

"இந்த இயந்திரம் எப்பவோ வந்துடுச்சு. ஒரு ஆணிகூட பாக்கி இல்லாம, எல்லாச் சோதனையும் முடிஞ்சு, மாசக்கணக்கா தயாரா இருக்கு. மாண்புமிகு அமைச்சர் அவர்களோட பொற்கரங்களுக்காக மட்டுமே காத்துக்கிட்டிருந்துச்சுன்னு இந்த நேரத்துல பெருமையோட சொல்லிக்கறேன்."

கை தட்டினார்கள். டாக்டரம்மா ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பவில்லை. ஸ்ட்ரெச்சரில் இருந்தவள் தன்னைப் பார்ப்பது திரும்பாமலே தெரிந்தது.

அமைச்சர் கையை நீட்டினார். வெல்வெட் விரித்த தட்டை ஒரு நர்ஸ் ஏந்திவந்தாள். தட்டில் வெல்வெட் மட்டும்தான் இருந்தது. இத்தனை மாதம் திட்டம் போட்டவர்களில் ஒருவர்கூடக் கத்தரியைப் பற்றி யோசிக்கவில்லை; ஒருவர் வைத்திருப்பார் என்று மற்றவர் இருந்துவிட்டார். போட்டோவின் முகத்தில் ரத்தம் வற்றியது. ஆபரேஷன் தியேட்டரில் குவியல் குவியலாகக் கத்தரி உண்டு, ஆனால் தியேட்டர் ஆட்கள் எல்லோரும் கதவைப் பூட்டிவிட்டுக் கைதட்ட வந்திருந்தார்கள். சாவி யாரிடம் என்று ஆளாளுக்குக் கிசுகிசுத்தார்கள். அமைச்சரின் பொற்கரம் அந்தரத்தில் நின்றது.

"என் பையில இருக்கும் பாரு," என்றாள் தையல்காரி.

காத்திருக்கிற இடத்திலெல்லாம் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பவள் அவள். நாத்தனார் பையைத் துழாவி, நூல்கண்டுக்கும் சீப்புக்கும் அடியிலிருந்து ஒரு சின்னக் கத்தரியை எடுத்தாள். போட்டோ அதைப் பறிக்காத குறையாக வாங்கி வெல்வெட்டில் வைத்தார். அமைச்சர் வெட்டினார். ஒரே வெட்டு, ரிப்பன் இரண்டாகத் தொங்கியது. படம் எடுத்தார்கள். அமைச்சர் ஸ்ட்ரெச்சரின் கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றதையும் எடுத்தார்கள். பிறகு எல்லோரும் டீக்குப் போய்விட்டார்கள்.

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார் டாக்டரம்மா. மீட்டர் பக்கத்து அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே மெஷினும் டாக்டரம்மாவும் தையல்காரியும்தான்.

"எல்லாம் தயாரா இருந்துச்சுன்னாரே அவரு," என்றாள் தையல்காரி.

"ஆமா."

"நான் மொதல்ல வந்து கேட்டேனே, அப்பவுமா?"

"அப்பவும்தான்."

"பாகம்னீங்க. கப்பல்னீங்க."

"பாகமும் இல்ல, கப்பலும் இல்ல. அந்த ரிப்பன்தான்."



"இப்ப வெச்சா சரியாயிடுமா?"

"ரத்தம் நிக்கும். வலி குறையும்."

"நான் அதைக் கேக்கல."

"இல்லம்மா. ரெண்டு பக்கமும் பரவிடுச்சு. இது அங்க எட்டாது."

"அன்னைக்கே வெச்சிருந்தா?"

"சரியாயிருக்கும்."

சொல்லிவிட்டு டாக்டரம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. தெரிந்தது அது ஒன்றுதான், அதை ஆரம்பித்தார். அந்தாளெல்லாம் ஒரு மனுஷனா, அந்த அமைச்சர் ஒரு ஜென்மமா, பல்வலியாம், பயணமாம், நான் எத்தனை தடவை போய்த் தலைதலையா அடிச்சுக்கிட்டேன் தெரியுமா, இந்த மீட்டராவது ஆம்பளையா லட்சணமா சாவியைத் திருப்பியிருக்கக் கூடாதா, எல்லாம் பேடிப் பயலுக. தையல்காரி, யாரோ கோணல்மாணலாக வெட்டிப் பாழாக்கிக் கொண்டுவந்த துணியைப் பார்ப்பது மாதிரி, இதை இனி என்ன செய்ய என்று பார்ப்பது மாதிரி, டாக்டரம்மாவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். டாக்டரம்மாவுக்கு வார்த்தைகள் தீர்ந்துபோயின.

"அவங்களை விடுங்க. அவங்களை நான் நம்பி வரல," என்றாள் தையல்காரி. "வாராவாரம் உங்க எதிர்ல வந்து உக்காந்தேன். கத்தரி என் மடியில, அந்தப் பையிலயேதான் கெடந்துச்சு. கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே டாக்டரம்மா."